பழைய கொரோலாவில ஒயில் ஒழுகுதா? கியர் பொக்ஸ இறக்க முதல் மேல பாருங்க

தம்பி கேட்டது இதுதான்: 93ஆம் ஆண்டு கொரோலா, 5ஏ பெற்றோல் இஞ்சின், மெனுவல் கியர். காலையில கார வெளிய எடுக்கக்குள்ள நிப்பாட்டின இடத்தில கறுப்பா ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒயில் கிடக்கு. கராஜில காட்டினா "பின் மெயின் ஒயில் சீல் போய்ட்டு, கியர் பொக்ஸ் இறக்கணும், இஞ்சினையும் சேத்து இறக்கினா நல்லம்" எண்டு சொல்றாங்களாம். பின் மெயின் சீல் எண்டா, இஞ்சினுக்குள்ள சுத்துற க்ராங் தண்டு கியர் பொக்ஸ் பக்கம் வெளிய வாற இடத்தில ஒயில மறிக்கிற ரப்பர் வளையம். வீட்ட வெச்சி நாமளே ஏதும் செய்ய ஏலுமா எண்டு கேக்கிறார்.

ஏலும் தம்பி. ஆனா ஸ்பேனரத் தூக்க முதல் ஒரு விசயத்த விளங்கிக் கொள்ளுங்க, சொட்டுற இடம் வேற, கசியிற இடம் வேற. ஒயில் மேல எங்கயாவது கசிஞ்சி இஞ்சின் பொடியோட ஒட்டி இறங்கும், ஓடக்குள்ள அடிக்கிற காத்து அத பின்னுக்குத் தள்ளும், கடைசியில கியர் பொக்ஸும் இஞ்சினும் சேருற மூட்டிலயோ, அடியில ஒயில் நிக்கிற சட்டி, சம்ப் எண்டு சொல்றது, அதிட விளிம்பிலயோ வந்துதான் சொட்டும். கீழ படுத்து ஈரமா இரிக்கிற இடத்தப் பாத்திட்டு "இதுக்குள்ள சீல் போய்ட்டு" எண்டு சொல்றது லேசான வேலை.

உங்கட இஞ்சின்ல இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இரிக்கு. டெல்கோ எண்டு நாம சொல்றது பிளக்குகளுக்குக் கரண்ட பிரிச்சிக் குடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர், அது ஹெட்டில, அதாவது இஞ்சினுட மேல் கட்டையில, கியர் பொக்ஸ் பக்கத்து முனையிலதான் பூட்டியிருக்கும், வால்வத் திறக்கிற கேம் தண்டுதான் அதச் சுத்த வைக்கும். அது ஹெட்டுக்குள்ள போற கழுத்தில ஒரு ஓ ரிங் இரிக்கு, மோதிரத்தளவு ரப்பர்தான். முப்பது வருசச் சூட்டில அது காஞ்சி கல்லாகி, கழட்டி வளைச்சா ரெண்டாத் தெறிக்கிற நிலைக்கு வந்திரும். அதால கசியிற ஒயில் நேரா கீழ இறங்கி கியர் பொக்ஸ் ஹவுசிங்குக்கு மேலதான் விழும். கீழ இருந்து பாக்கிற ஆளுக்கு பின் மெயின் சீல் போன மாதிரியே இரிக்கும், ஒரு வித்தியாசமும் தெரியாது. இப்பிடித்தான் கனபேர் கியர் பொக்ஸ இறக்கி புது சீல் போட்டு திருப்பிப் பூட்டி, அடுத்த கிழமையே அதே இடத்தில அதே ஒயிலப் பாத்துக்கொண்டு நிக்கிறது.

முதலாவது, அது இஞ்சின் ஒயில்தானா எண்டு பாருங்க. வெள்ளை டிசுவால தொட்டுப் பாத்தாலே பாதி தெரிஞ்சிரும். கறுப்பு இல்லாட்டி மண்ணிறம், எரிஞ்ச மணம் எண்டா இஞ்சின் ஒயில். சிவப்பா இரிந்தா பவர் ஸ்டீரிங் பக்கம் போங்க. தடிப்பா, கந்தகம் மாதிரி மூக்கில அடிக்கிற வாடையோட இரிந்தா அது கியர் ஒயில், பெரும்பாலும் டிரைவ் சாஃப்ட் சீல், அதுக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமில்ல. பச்சையோ சிவப்போ தண்ணி மாதிரி ஓடினா கூலன்ட்.

இஞ்சின் ஒயில்தான் எண்டு உறுதியானா, மறுகா கழுவணும். இந்த வேலைய ஆரும் செய்ய மாட்டாங்க, எல்லாருக்கும் அவசரம், ஆனா முழு வேலையிலயும் இதுதான் முக்கியம். இஞ்சின் நல்லா ஆறின பிறகு பெட்டரி மைனஸக் கழட்டிப் போட்டு, டெல்கோவையும் ஒல்டனேட்டரையும் பொலித்தீன் பேக்கால சுத்திக் கட்டுங்க. டிகிரீசர் இரிந்தா நல்லம், இல்லாட்டி மண்ணெண்ணெயும் பழைய பெயின்ட் பிரஷும் காணும், முப்பது வருச ஒயிலும் புழுதியும் சேந்த அந்தக் கறுப்புப் பாசிய மேல இருந்து கீழ வரைக்கும் தேச்சி எடுக்கணும். சேவிஸ் ஸ்டேஷன்ல பிரஷர் தண்ணி அடிச்சா கெதியா முடியும்தான், ஆனா டெல்கோ மூடிக்குள்ள தண்ணி போனா அங்கயே கார் நிண்டிரும், அதையும் யோசிச்சிக் கொள்ளுங்க. மண்ணெண்ணெய் போட்டா ஸ்டார்ட் பண்ண முதல் முழுசாக் காய விடணும், சைலன்சர் மெனிஃபோல்ட் பக்கம் ஒரு சொட்டு ஈரமும் இரிக்கப்படா.

காஞ்ச பிறகு சந்தேகமான இடங்களுக்கு, டப்பட் கவர் (ஹெட்டுக்கு மேல இரிக்கிற மூடி) விளிம்பு, டெல்கோ அடி, ஒயில் சுவிட்ச், ஃபில்டர் மூட்டு, சம்ப் விளிம்பு, எல்லாத்துக்கும் பிள்ளைக்குப் போடுற பவுடர லேசாத் தூவி விடுங்க. பெல்ட் பக்கம் வேணாம். பிறகு ஒரு பத்துப் பதினஞ்சி கிலோமீட்டர் ஓடிட்டு வாங்க, கல்லடியில இருந்து ஆரையம்பதிப் பக்கம் போய்த் திரும்பினாலே காணும். வந்ததும் டோர்ச் அடிச்சிப் பாருங்க, ஒயில் கசியிற இடத்தில பவுடர் மண்ணிறமா நனைஞ்சி கோடு விழுந்திருக்கும். தலை போகாத இடத்துக்கு ஃபோனோட லைட்டப் போட்டு வீடியோ எடுங்க, இஞ்சினுக்குப் பின்னால சுவர் பக்கமெல்லாம் அப்பிடித்தான் பாக்க ஏலும். ராவைக்கு கீழ ஒரு காட்போட் மட்டையப் போட்டு, முன் சில்லு நிக்கிற இடத்த மட்டையில பேனையால குறிச்சி வையுங்க, விடியச் சொட்டு எங்க விழுந்திருக்கு எண்டு பாத்தா இஞ்சின்ல எந்தப் பக்கம் எண்டு கணக்குப் பாக்கலாம். எப்பவும் ஈரமா இரிக்கிற இடங்கள்ல ஆக உயரமான இடம் எது, அதுதான் உங்கட ஆள்.

மூட்டுக்கு இடையில வைக்கிற பெக்கிங் வாங்க ஓட முதல் இன்னொரு சோதனை இரிக்கு, செலவே இல்லாதது. இஞ்சினுக்குள்ள பிஸ்டனத் தாண்டி வாற காத்து வெளிய போக பிசிவி எண்டு ஒரு சின்ன வால்வு இரிக்கு, டப்பட் கவர்ல இருந்து இன்டேக்குக்குப் போற ரப்பர் ஹோஸோட சேந்தது. அது கரி பிடிச்சி அடைச்சிட்டா, புகைக்கூடு அடைச்ச குசினியில புகை ஓட்டு இடுக்கெல்லாம் தேடி வாற மாதிரி, உள்ளுக்க இரிக்கிற அமுக்கம் ஒயில எந்த மூட்டு பலவீனமோ அதால தள்ளும். நீங்க ஒரு பெக்கிங்க மாத்த அடுத்ததால வரும், அத மாத்த இன்னொண்டால வரும். வால்வக் கழட்டிக் காதுக்குக் கிட்ட வெச்சி ஆட்டுங்க, டக் டக் எண்டு சத்தம் வந்தா உயிரோட இரிக்கு, சத்தமே இல்லாட்டி புதுசு போடுங்க. ஹோஸையும் பாருங்க, பழைய காரில அது தொட்டாலே உடையும்.

பிறகு இஞ்சின ஸ்டார்ட்டில விட்டு ஒயில் ஊத்துற மூடியக் கழட்டி, அந்த வாயில ஒரு மெல்லிய பொலித்தீன் துண்ட வையுங்க, விட்டிராம கையால பிடிச்சிக் கொள்ளுங்க. லேசா உள்ளுக்கு இழுத்தா நல்லம். பொலித்தீன வெளிய தள்ளி, நீலப் புகையும் புஸ் புஸ் எண்டு வந்தா, அதுவும் புது பிசிவி போட்ட பிறகும் வந்தா, பிஸ்டன் ரிங் தேஞ்சி போச்சி எண்டு அர்த்தம். அப்பிடியான இஞ்சினுக்கு நீங்க என்ன பெக்கிங் போட்டாலும் கொஞ்ச நாளைக்குத்தான். டிப்ஸ்டிக்கையும் ஒருக்கா பாத்திருங்க, சில சேவிஸ் ஸ்டேஷன்கள்ல கேன்ல மிச்சம் வைக்கப்படா எண்டு முழுசா ஊத்தி விட்டிருப்பாங்க, எஃப் கோட்டுக்கு மேல நிண்டா அதுவே கசிவுக்கு ஒரு காரணம்.

சரி, இப்ப டப்பட் கவர். பழைய கார்ல ஒயில் ஒழுகினா முதல் ஆள் இதுதான், வீட்ட செய்யிறதுக்கும் ஆக லேசானது இதுதான். பிளக் வயர்களுக்கு நம்பர் எழுதி ஒட்டிட்டுக் கழட்டுங்க. பிளக் குழிக்குள்ள எட்டிப் பாருங்க, ஒயில் நிண்டா குழி சீலும் போய்ட்டு, அதாலதான் சில நேரம் இஞ்சின் மிஸ் அடிக்கிறதும். மேல இரிக்கிற தொப்பி நட்டுகளக் கழட்டினா கவர் வரணும், வராது, ஒட்டிப் பிடிச்சிருக்கும். ஸ்குரூ டிரைவரக் குடுத்து நெம்ப வேணாம், ஹெட் அலுமினியம், ஒரு கீறு விழுந்தா பிறகு எந்தப் பெக்கிங்கும் அதில நிக்காது. மரக்கட்டையால பக்கத்தில நாலு தட்டு தட்டுங்க, விட்டுக் குடுக்கும். திறந்த உடன கேமுக்கு மேல ஒரு சுத்தமான துணிய விரிச்சி மூடுங்க, நம்மட பக்கம் மணல் காத்து, ஒரு பிடி மணல் உள்ள போனா கசிவ விடப் பெரிய செலவு.

பழைய பெக்கிங் காடிக்குள்ள கல்லு மாதிரி ஒட்டியிருக்கும். அத எடுக்க நல்ல ஆயுதம் தென்னை ஈர்க்கில், கூராச் சீவி எடுத்தா மூலையெல்லாம் போகும், கீறாது. மறுகா பெற்றோல் தொட்ட துணியால காடியையும் ஹெட் விளிம்பையும் துடைச்சி, கையால தடவினா ஒயில் பிசுக்கு ஒட்டாத அளவுக்கு எடுக்கணும். புதுப் பெக்கிங் ரப்பர், அதுக்கு சிலிக்கன் தேவல்ல, வெறுமனே காடிக்குள்ள வடிவா உக்கார வெச்சாக் காணும். சிலிக்கன் வைக்கிறது கேம் பிடிக்கிற முன் கட்டை ஹெட்டோட சேருற அந்த மூலைகளுக்கு மட்டும்தான், ஏனெண்டா அங்க விளிம்பு ஒரே மட்டமா இரிக்காது, ஒரு படி விழும். பயறளவு காணும். நம்மட ஆக்கள் டியூப் முடியிற வரைக்கும் சுத்திவரப் பூசுறாங்க, வெளிய பிதுங்குற அளவுக்கு உள்ளுக்கும் பிதுங்கும். அந்தத் துண்டு உடைஞ்சி சம்புக்குப் போய் ஒயில் இழுக்கிற வலையில அடைச்சா, பிறகு நாம கதைக்கிறது ஒயில் கசிவப் பத்தி இல்ல, இஞ்சின் பிடிச்சதப் பத்தி.

நட்டுகள ஒரே அடியா இறுக்காம, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா. அதுக்குத் தேவையான இறுக்கம் 6 நியூட்டன் மீட்டர் அளவுதான், சொக்கட்ட கையால பிடிச்சிக் கிறுக்கி, பிறகு சின்ன ரட்செட்டால கொஞ்சம், அவ்வளவுதான். கசியுது எண்டு இன்னும் இறுக்கிறதில பிரயோசனமில்ல. நட்டுக்கு அடியில இரிக்கிற ரப்பர் வோஷர்கள் காஞ்சி போயிருந்தா நட்டு இறுகும், ஆனா கவர் அமராது. அதுகளையும் பெக்கிங்கோட சேத்து வாங்குங்க, பெரிய காசில்ல.

அடுத்தது டெல்கோ ஓ ரிங், உங்கட சொட்டு விழுற இடத்தப் பாத்தா நான் முதல் சந்தேகப்படுறது இதத்தான். பெட்டரியக் கழட்டி, மூடியத் திறந்து, ரோட்டர் எந்தப் பக்கம் பாக்குது எண்டு ஃபோட்டோ எடுங்க. டெல்கோ பொடியும் ஹெட்டும் சேருற இடத்தில கூரான ஆணியால ரெண்டிலயும் படுற மாதிரி ஒரு கோடு கீறுங்க. பெயின்ட் கோடு வேணாம், துடைக்கக்குள்ள போய்டும். போல்டக் கழட்டிட்டு மெல்ல ஆட்டி ஆட்டி இழுத்தா வரும். அது வெளிய இரிக்கிற நேரம் ஆரும் இஞ்சினக் கிறுக்கப்படா. பழைய ஓ ரிங்க கடைக்குக் கொண்டு போய் அதோட ஒத்து வாங்குங்க, ஆனா ஹார்ட்வெயார் கடையில தண்ணி பைப்புக்கு விக்கிறத வாங்கிறாதிங்க, அதுகள்ல சில வகை ரப்பர் ஒயில் பட்டா ஊதி நொந்து போகும், இதுக்கு ஒயிலும் சூடும் தாங்குறதுதான் வேணும். புதுசுக்கு ஒரு சொட்டு ஒயில் தடவி, கோட்டோட கோடு பிடிச்சி, ரோட்டர் ஃபோட்டோவில இரிந்த மாதிரிப் பாக்கிறதா எண்டு பாத்துப் பூட்டுங்க. ஒரு மயிரளவு மாறினாலும் டைமிங் மாறும், அதால டைமிங் லைட் இரிக்கிற ஒரு ஆளிட்டக் குடுத்து ஒருக்கா செக் பண்ணுங்க. இழுவை குறைஞ்சா, டக் டக் எண்டு நொக் சத்தம் கேட்டா, அது இதாலதான்.

ஒயில் சுவிட்சும் அடிக்கடி கசியும். டேஷ்போட்ல சிவப்பு லைட்டுக்குப் போற வயரக் கழட்டிப் பாருங்க, வயர் முனை ஒயில்ல குளிச்சிருந்தா சுவிட்சோட வயித்தாலயே வருது, புதுசு ஒண்டு வாங்கி மாத்துறதுதான், மரையில அளவா சீலன்ட் வெச்சி, கழுத்த நெரிக்காம இறுக்கணும். ஃபில்டர் மூட்டு கசிஞ்சா பழைய ஃபில்டரோட ரப்பர் இஞ்சின்லயே ஒட்டிக்கிடக்கா எண்டு பாருங்க, ரெண்டு ரப்பர் ஒண்டுக்கு மேல ஒண்டு இரிந்தா கசியாம என்ன செய்யும். சம்ப் போல்ட்டுக்கு ஒவ்வொரு ஒயில் மாத்துறதுக்கும் புது வோஷர் போடணும், டெப்லோன் டேப் சுத்துறது வேலையில்ல. போல்ட் மரை செத்திட்டா அத மறு மரை வெட்டி எடுக்கலாம், லேத் வேலை செய்யிற ஆக்களுக்கு அது சின்ன விசயம்.

சம்ப் விளிம்பு எண்டா கொஞ்சம் யோசிங்க. இந்த இஞ்சின்ல சம்புக்கு வெட்டின பெக்கிங் இல்ல, சிலிக்கன் பூசித்தான் ஒட்டுறது. கழட்டினா விளிம்பு நெளிஞ்சிருக்கும், ஆரோ முதல் இறுக்கின இறுக்கத்தில போல்ட் ஓட்டையச் சுத்திக் குழி விழுந்திருக்கும், அத மட்டமான மரத்தில வெச்சித் தட்டி நேராக்காம திருப்பி ஒட்டினா ஒரு மாசம்தான். கடலுக்குக் கிட்ட இரிக்கிற ஆக்கள், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று பக்கமெல்லாம், சம்ப் தகரமே உப்புக் காத்தில துருப்பிடிச்சி ஊசி ஓட்டை விழுந்து கசியிறதும் இரிக்கு. அதுக்கு எபொக்சி வெச்சி அடைக்கிறது வீடு வந்து சேர மட்டும், பிறகு வேற சம்ப் தேடுங்க. 2020 மார்ச்சில இருந்து வாகன இறக்குமதி நிண்டு, 2025 பெப்ரவரியிலதான் தனியார் கார்களுக்கு விட்டது எல்லாருக்கும் தெரியும், அந்த இடைக்குள்ள இந்தப் பழைய கொரோலாக்கள ஆரும் கைவிடல்ல, அதால இதுகளுக்கு இன்னும் சாமான் கிடைக்கும். இஞ்ச இல்லாட்டி கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடைகள்ல சொல்லி எடுக்கலாம். ரப்பர் சாமான்ல மட்டும் மலிவு பாக்க வேணாம்.

கீழ போறதா இரிந்தா ஒண்டக் கட்டாயம் சொல்லணும். நம்மட வளவெல்லாம் மணல், ஜக் ஒரு பக்கம் புதைஞ்சி சரியும். ஜக்குக்கு அடியில தடிச்ச பலகை, பிறகு ரெண்டு பக்கமும் ஸ்டேண்ட், அதுக்கும் அடியில பலகை, பின் சில்லுக்குக் கல்லு. ஸ்டேண்ட் இல்லாட்டி கீழ போகாதிங்க, செங்கல் அடுக்கி வெச்சிட்டும் போகாதிங்க, செங்கல் சொல்லாமக் கொள்ளாம வெடிக்கும். சீமெந்துத் தரை உள்ள ஒரு சொந்தக்காரர்ர வீடு இரிந்தா அங்க கொண்டு போய்ச் செய்யிறது இன்னும் நல்லம்.

வடிச்ச ஒயில கேன்ல பிடிச்சி சேவிஸ் ஸ்டேஷன்ல குடுங்க. வேலிக் கட்டைக்குப் பூச, கறையானுக்கு ஊத்த எண்டு கேட்டு வருவாங்க, எனக்கு அது விருப்பமில்ல. நம்மட மணல்ல ஊத்தினது நேரா இறங்கும், கிணறும் ஆழமில்ல, குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான். தரையில சொட்டினதுக்கு ஆலையில கொஞ்சம் உமி வாங்கிப் போட்டு அள்ளுங்க, நல்லா உறிஞ்சும்.

தடிப்பு ஒயில், 20 டபிள்யூ 50 போட்டா நிக்குமா எண்டு கனபேர் கேக்கிறது. நம்மட வெக்கைக்கு, ஓடித் தேஞ்ச இஞ்சினுக்கு அது பிழையில்ல, கசிவு கொஞ்சம் குறையும், நிக்காது. கசிவு நிப்பாட்டுற மருந்து எண்டு சின்னப் போத்தல்ல விக்கிறது, காஞ்ச சீல ஊத வைக்கும், சில நேரம் கொஞ்ச மாசத்துக்குக் கேக்கும், ஆனா உடைஞ்ச ஓ ரிங்கயும் நெளிஞ்ச சம்பையும் அது ஒண்டும் செய்யாது. விக்கிறதுக்கு வெச்சிருக்கிற கார்லதான் அத கூடுதலா ஊத்துறது, வாங்கப் போறவங்க இதையும் ஞாபகம் வெச்சிக் கொள்ளுங்க.

டைமிங் பெல்ட் கவருக்குள்ள இருந்து வந்தா, அதாவது கேம் சீல் இல்லாட்டி க்ராங் முன் சீல் எண்டா, வீட்ட முதல் தடவையாச் செய்யிற ஆளுக்கு அது வேலையில்ல. ஆனா தள்ளிப் போடவும் ஏலா, ஒயில் ஊறின பெல்ட் ஊதும், பல்லு கழரும், ரோட்டில நிப்பாட்டும். பெல்ட் மாத்தக்குள்ள சீல்களையும் சேத்து மாத்தச் சொல்லுங்க, கூலி ஒண்டுதான்.

எல்லாம் முடியிற வரைக்கும் ஒவ்வொரு காலையும் டிப்ஸ்டிக்கப் பாருங்க, மட்டமான இடத்தில, ஸ்டார்ட் பண்ண முதல். சிவப்பு லைட் ஒயில் குறைஞ்சா எரியும் எண்டு நம்பி இரிக்காதிங்க, அது அமுக்கம் இல்லாமப் போனாத்தான் எரியிறது, எரிஞ்சா அந்த இடத்திலயே ஓஃப் பண்ணணும், வீடு கிட்டத்தான் எண்டு ஓடப்படா. செங்கலடியால பதுளைக்கு ஏறுற ஆக்கள், பிபிலைக்குப் பிறகு லுணுகலை ஏத்தத்தில இஞ்சின் சூடேறி ஒயில் தண்ணியாகி, ஊருக்குள்ள சொட்டாத கசிவெல்லாம் சொட்டும், அந்தப் பயணத்துக்கு ஒரு லீட்டர் டிக்கியில வையுங்க. பொனட்டுக்குள்ள இருந்து எரியிற மணமும் புகையும் வந்தா மெனிஃபோல்டில ஒயில் விழுது, அத நாளைக்கு எண்டு விடாதிங்க, நெருப்புப் பிடிக்கிறது அப்பிடித்தான்.

இவ்வளவும் பாத்து, டெல்கோவுக்குக் கீழயும் டப்பட் கவர் பின் மூலையிலயும் பவுடர் காஞ்சபடியே இரிந்து, கியர் பொக்ஸ் ஹவுசிங்குக்கு அடியில மட்டும் ஈரம் வந்தா, அப்ப பின் மெயின் சீல்தான், கராஜ்காரர் சொன்னது சரி. அதுக்கும் இஞ்சின் இறக்கத் தேவல்ல, கியர் பொக்ஸ மட்டும் பிரிச்சாக் காணும். இறக்கினாப் பிறகு உங்களக் கூப்பிட்டு அந்த சீல் நனைஞ்சிருக்கிறதக் காட்டச் சொல்லுங்க, கிளட்ச் தட்டு எவ்வளவு மிச்சம் எண்டும் அதே நேரம் பாத்திருங்க, பாதிக்குக் கீழ எண்டா தட்டையும் ரிலீஸ் பெயரிங்கையும் கியர் பொக்ஸ் முன் சீலையும் ஒண்டாவே மாத்திட்டுப் பூட்டச் சொல்லுங்க.